பொலிஸிட்ட பிடிச்சுக் குடுப்பன் எண்டு பிள்ளையை வெருட்டிறது பிழையோ?

கேள்வி: முல்லைத்தீவில இருந்து ஒரு தாய், 28.04.2024

மகனுக்கு நாலு வயசு. சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டாலே ஓடுறான். அடிக்க எனக்கு மனம் வராது, சின்னனில நான் வாங்கினதே காணும். மாமி "பொலிஸ் வருது, வாயைத் திற" எண்டா உடன ஆவெண்டு திறக்கிறான். இவர் வெளிநாட்டில இருந்து போன் எடுத்து "வெருட்டாதேங்கோ" எண்டு ஏசுறார். அடிக்கிறதை விட வெருட்டிறது நல்லதுதானே? இதில என்ன பிழை?

28.04.2024, இரவு 8.40

ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. தூர இருந்து சொல்லுறது சுகம். கோப்பையோட பெடியனுக்குப் பின்னால வளவு சுத்திப் பாத்தவைக்குத்தான் தெரியும்.

நாங்கள் கிளிநொச்சியில வட்டக்கச்சிப் பக்கம். மனிசி ஆடைத் தொழிற்சாலைக்குப் போறவ, விடிய அஞ்சரைக்கு றோட்டுக்கு பஸ் வந்திடும். நான் வளவுக்கு முன்னால கொட்டில் போட்டு சைக்கிள் திருத்திறன். ஆனபடியால் பல்லு மினுக்கிறது, குளிக்க வாக்கிறது, தலை இழுக்கிறது, சாப்பாடு தீத்திறது எல்லாம் என்ர தலையில. பெடியனுக்கு அஞ்சு வயசு, முன்பள்ளி. பெட்டைக்கு ரண்டரை. மாமி எங்களோடதான், ஆனா அவவுக்கு முழங்கால் ஏலாது. எட்டு மணிக்கு முதலே ஆராவது பஞ்சர் எண்டு படலையில வந்து நிப்பினம். அந்த நேரத்தில பிள்ளையோட இருந்து நியாயம் கதைக்கிறதோ? "பொலிஸ்" எண்டு ஒரு சொல்லு, அரைக் கோப்பைப் பிட்டு உள்ள போயிடும்.

28.04.2024, இரவு 8.55

ஒண்டு விட்டுப்போச்சு. பேயைச் சொல்லி மட்டும் வெருட்டாதேங்கோ. பேய் இரவிலயும் வேலை செய்யும், விடிய பாய் கழுவிறது நாங்கள்தான். பொலிஸ் எண்டா பகலோட சரி.

01.05.2024

"அடியாத மாடு படியாது" எண்டு எழுதின அண்ணைக்கு: நானும் அடி வாங்கிப் படிஞ்ச மாடுதான். ஓ.எல் சோதினையில கணக்குப் பெயில். அகதி முகாமில இருந்து எழுதினது எண்டு சாட்டுச் சொல்லலாம், ஆனா முகாமுக்குப் போக முதலே கணக்கு வராது.

எங்கட ஐயாவுக்கு வேலியில நிக்கிற கிளுவைதான் ஆயுதம். முறிக்கிற வேலையும் எங்களுக்குத்தான். "போய் நல்லதா ஒண்டு முறிச்சுக்கொண்டு வா" எண்டுவார். மெல்லிசா முறிச்சா சுழண்டு வந்து சுணைக்கும். மொத்தமா முறிச்சா உள்ளுக்க நோகும். எட்டு வயசிலயே அந்த ஆராய்ச்சியை முடிச்சிட்டன். பள்ளிக்கூடத்தில பூவரசந்தடி. இப்ப பள்ளிக்கூடத்தில அடிக்கேலாது, கல்வி அமைச்சின்ர 12/2016 சுற்றுநிருபம் இருக்கு. அதுக்கு முதல் 2005இலயும் ஒண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு சுற்றுநிருபமும் வரேல்லை.

நானும் ஒருக்கா அடிச்சனான். பஞ்சர் ஒட்டுற சொலூசனைப் பிதுக்கி தங்கச்சிக்காரியின்ர தலையில பூசிப்போட்டான். மயிரை ஒட்ட வெட்டவேண்டிப் போச்சு. வந்த கோவத்தில துடையில ஒண்டு போட்டன், வெறுங்கையாலதான். பின்னேரம் குளிக்க வாக்கேக்கை பாத்தன், நாலு விரல் பதிஞ்சு கிடந்தது. பெருவிரல் மட்டும் இல்லை.

அடுத்தநாள் விடிய குசினிக்குள்ள "சடார்" எண்டு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா இவன் தங்கச்சியின்ர துடையில போட்டுட்டு, என்ர குரலிலயே, "எத்தினை தரம் சொல்லுறது உனக்கு?" அவளுக்கு அவன் ஒண்டுமே சொல்லியிருக்கேல்லை. அவள் சும்மா இருந்து வாழைப்பழம் திண்டுகொண்டிருந்தவள்.

அதோட அடி விட்டாச்சு. மனிசி வேற "இன்னொருக்கா கை நீட்டினா 1929க்கு அடிப்பன்" எண்டவ. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர நம்பர் அது. பகிடிக்குச் சொன்னவவோ உண்மையாச் சொன்னவவோ, நான் கேக்கப் போகேல்லை. அதாலதான் தங்கச்சி சொல்லுறன், வெருட்டு நல்லது. தழும்பு இல்லை.

07.05.2024

கிளினிக்குக்குப் போட்டு வந்து எழுதுறன். முதல் ஒரு திருத்தம்: பெட்டைக்கு ரண்டரை இல்லை, மூண்டு. மனிசி இதை வாசிச்சுப்போட்டு, "பெத்தவளுக்கெல்லோ தெரியும்" எண்டா. மூண்டு வயசுத் தடுப்பூசிக்குத்தான் இண்டைக்குப் போனது.

கிளினிக் படலைக்குள்ள கால் வைக்கேக்கையே குழற வெளிக்கிட்டாள். நிறை பாக்கிற தட்டில கால் வைக்க மாட்டாளாம். என்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு "ஊசி, ஊசி" எண்டு ஒரே கத்தல். ஊசிக்கு எங்களுக்கு முன்னால பத்துப் பேர் இருக்கினம். கடைசியில அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, பேந்து நான் மட்டும் ஏறி, கழிச்சு எடுத்தது. என்ர நிறையையும் அங்க இருந்த தாய்மார் எல்லாரும் கேட்டினம், அது வேற கதை.

மிட்வைவ் அக்கா பென்சிலை வைச்சுப்போட்டு என்னைப் பாத்தா. "என்ர பேரைச் சொல்லித்தானே வீட்டில சோறு தீத்திறனீங்கள்?" நான் பேசாமல் நிண்டன். "உங்கட வீட்டுக்கு வரேக்கை இவள் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுக்கிறது ஏனெண்டு இப்பதான் விளங்குது. இனிக் காய்ச்சல் எண்டு என்னட்டக் கொண்டுவாங்கோ, எப்பிடி வாயைத் திறப்பிக்கிறது எண்டு நீங்களே சொல்லித் தாங்கோ."

ஆனபடியால் பட்டியலில இருந்து ஊசியை எடுத்தாச்சு. பேய் முதலே இல்லை. இனிப் பொலிஸ் மட்டும்தான்.

12.05.2024

போனைக் குடுத்தா என்ன எண்டு கேட்டிருக்கினம். குடுத்தனாங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல சொன்னது, ரண்டு வயசுக்குக் கீழ திரை அறவே வேண்டாம், ரண்டில இருந்து நாலு வரைக்கும் நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு. எங்கட வீட்டில அந்த ஒரு மணித்தியாலம் விடிய ஏழு மணிக்கே முடிஞ்சிடும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை கதை. கார்ட்டூன் பாத்துப் பாத்து பெட்டை அம்மம்மாவைப் "பாட்டி" எண்டு கூப்பிட வெளிக்கிட்டாள். மாமி திரும்பிக்கூடப் பாக்கேல்லை, தன்னைத்தான் கூப்பிடுறாள் எண்டு தெரிஞ்சால்தானே. பெடியன் என்னை "வாங்கப்பா, போங்கப்பா" எண்டுறான். மரியாதைதான், இல்லை எண்டேல்லை. ஆனா வட்டக்கச்சியில நிண்டுகொண்டு பிள்ளை மதுரைத் தமிழ் கதைச்சா பஞ்சர் ஒட்ட வந்த சனம் சிரிக்குது.

2022 பங்குனி கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப பெடியனுக்கு மூண்டு. போன் செத்துப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் வரிசையில மனிசி, பிள்ளையோட நான். பழைய சாமான் போடுற தகரப் பெட்டியை அவனுக்கு முன்னால கவிட்டு விட்டன். தேஞ்ச பெடல், மணிமூடி, பிறேக் கட்டை, ஒரு முழம் செயின். அந்தச் செயினை வைச்சுக்கொண்டு ரண்டு மணித்தியாலம் இருந்தான். ஒவ்வொரு கண்ணா மடக்கி மடக்கி மண்ணில பாம்பு கீறினான், பேந்து அதை றெயின் ஆக்கினான், பேந்து அது அம்மம்மாவின்ர சங்கிலியாப் போச்சு. கழுத்தில போட்டுக்கொண்டு வந்து நிண்டான், கிறீஸ் கொழுகொழுவெண்டு. மாமி அழுத அழுகைக்கு அந்தக் கிறீஸ் பட்ட சேட்டை எரிக்கவேண்டிப் போச்சு.

அண்டைக்கு இருந்து அந்தப் பெட்டி அவையளின்ர. இப்ப நுங்குக் காலம் எண்டபடியால் ரண்டு கோம்பை, ஒரு கவர்த்தடி, வண்டில் றெடி. என்ர டயர் ஒண்டும் போச்சு, உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரை வரைக்கும் போயிட்டு வருவான். (வாய்க்காலைப் பற்றிப் பிறகு எழுதோணும்.) பாலைப்பழம் வரட்டும், சொண்டு ஒட்டிப் பிடிச்சா கொஞ்ச நேரம் எண்டாலும் வாய் மூடி இருக்கும்.

15.05.2024

பெட்டி நல்லம் எண்டு எழுதி மூண்டு நாள் ஆகேல்லை. பெட்டை குண்டை விழுங்கிட்டாள்.

சைக்கிள் பின்சில்லுக்குள்ள போடுற கால் இஞ்சி இரும்புக் குண்டு. பெட்டிக்குள்ள இருந்தது இல்லை, நான் கழட்டித் தட்டில மண்ணெண்ணெயில ஊறப்போட்டது. கழுவித் துடைச்சு எண்ணினா ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில எட்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள்.

மாமி படலையில நிண்டு "ஐயோ பிள்ளை குண்டை விழுங்கிட்டுது" எண்டு கத்தினவ. எங்கட பக்கத்தில ஒரு கிழவி அப்பிடிக் கத்தினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்வீட்டு அண்ணை மண்வெட்டியை அப்பிடியே போட்டுட்டு ஓடி வாறார், பின்வீட்டுக்காரி தன்ர பிள்ளையளை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் ஓடுறா. சைக்கிள் குண்டு, சைக்கிள் குண்டு எண்டு நான் கத்தினதை ஒருத்தரும் கேக்கேல்லை.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்திச்சினம். வயித்துக்குள்ள வட்டமா, வெள்ளையா, நடுவில நிக்குது. அது தானா வெளிய வரும், கவனிச்சுக்கொண்டிருங்கோ எண்டு விட்டினம். மண்ணெண்ணெயும் சேத்துப் போகேல்லையோ எண்டுதான் டொக்டர் கூடக் கேட்டவர்.

என்னைச் சுட்டது வேற. விழுங்கினது விடிய ஒன்பது மணிக்கு, நான் கண்டது பத்தரைக்கு. ஒண்டரை மணித்தியாலம் அவள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பெடியன் கண்டிருக்கிறான், அவனும் சொல்லேல்லை. ஏனடா எண்டு கேட்டன். "குண்டில கை வைச்சா பொலிஸ் பிடிக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

16.05.2024

வந்திட்டுது. இனி இதைப் பற்றிக் கேக்காதேங்கோ. குண்டைத் திரும்பப் பூட்டினீங்களோ எண்டு கேட்ட அண்ணைக்கு: இல்லை.

19.05.2024

நேற்று முள்ளிவாய்க்கால் நினைவு நாள், மாமி கஞ்சி காய்ச்சினவ. அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். பெடியன் ஒரு வாய் வைச்சுப்போட்டு "தேங்காய்ப்பால் விட மறந்திட்டீங்களோ அம்மம்மா" எண்டு கேட்டான். "அப்ப இருக்கேல்லை ராசா" எண்டா. அவன் வேற ஒண்டும் கேக்கேல்லை, குடிச்சான்.

மாமி இவையளைப் "பொலிஸ்" எண்டு வெருட்டிறேல்லை, "ஆமி வாறான்" எண்டுதான் சொல்லுவா. எனக்கு அது பிடிக்காது, ஆனா வாய் திறக்க ஏலாமல் கிடக்கு. 2009இல மனிசிக்கு 14 வயசு, தம்பிக்காரனுக்கு ஆறு. பங்கருக்குள்ள ரண்டு பேரின்ர தலையையும் அமத்திப் பிடிச்சுக்கொண்டு "வெளிய நீட்டினா செல் வரும்" எண்டு மாமி சொன்னவ. அது வெருட்டு இல்லை. வந்தது. அந்தக் குரலாலதான் ரண்டு பிள்ளையும் மிஞ்சினது. அதே குரலில இப்ப "பிட்டைத் தின்னு" எண்டுறா. அவவுக்கு ரண்டுக்கும் இடையில எங்க கோடு கீறுறது எண்டு நான் சொல்லிக் குடுக்கிறதோ?

"பிள்ளை பிடிகாரன்" எண்டு வெருட்டலாம் எண்டு ஒரு ஆள் எழுதியிருக்கிறார். வெளியூர் ஆள் போல. அந்தச் சொல்லை எங்கட வீட்டில ஒருத்தரும் பாவிக்கிறேல்லை.

02.06.2024

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் வந்து இவ்வளவு நாளும் எழுதேல்லை. எழுத வெக்கம்.

அங்க கடல்தண்ணியிலதான் விளக்கு எரிப்பினம். பெடியன் போகேக்கையே ஒரே கேள்வி. கடல்தண்ணியில எப்பிடி விளக்கு எரியும், அப்ப வாய்க்கால் தண்ணியில எரியாதோ, எங்கட கிணத்துத் தண்ணியில? அம்மாளின்ர புதுமை எண்டு மாமி சொன்னா. அப்ப ஏன் எங்கட வீட்டில மண்ணெண்ணெய் வாங்கிறனாங்கள் எண்டு கேட்டான். நான் சனத்துக்குள்ள வழி பாக்கிறதோ இவனுக்கு மறுமொழி சொல்லுறதோ. கச்சான் கடையளுக்குக் கிட்ட பெட்டையைத் தோளில ஏத்தக் கையை விட்டன். திரும்பினா ஆள் இல்லை.

ஒலிபெருக்கியில சொல்லிச்சினம், நீலச் சேட்டு, அஞ்சு வயசு எண்டு. மனிசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெறுங்காலோட ஓடினனான், செருப்பு எங்க விட்டது எண்டு தெரியாது. கடமைக்கு நிண்ட பொலிஸ்காரர் ஒருத்தர், சிங்களப் பெடியன், என்னை விட வயசு குறைவுதான், அவரும் சேந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தேடினவர். இருபத்தஞ்சு நிமிசம். கடைசியில ஒரு கச்சான்கார அம்மா மேசைக்குக் கீழ இருந்து காலில பிடிச்சு இழுத்துக் குடுத்தா. சாக்குக்குப் பின்னால ஒடுங்கிப்போய் இருந்திருக்கிறான்.

அழேல்லை. முகம் முழுக்கப் பெருமை. "அப்பா, பொலிஸ் என்ர பேரைச் சொல்லிச் சொல்லி ரண்டு தரம் கிட்ட வந்தது. நான் மூச்சே விடேல்லை."

பொலிஸ்காரர் பக்கத்திலதான் நிண்டவர். தமிழ் விளங்கினதோ தெரியாது. பெடியன்ர தலையைத் தடவ வந்த கையை எடுத்திட்டார்.

02.06.2024, இரவு 10.15

தங்கச்சி, உங்கட மனிசரிட்டச் சொல்லுங்கோ, அவர் சொன்னது சரி எண்டு. நான் 28ஆந் திகதி எழுதினதை அழிக்கேல்லை, கிடக்கட்டும்.

06.06.2024

அப்ப ஒண்டுக்குமே பயம் காட்டாமல் வளக்கிறதோ எண்டு கேட்டா, இல்லை. வன்னியில அது ஏலாது. எங்கட வளவுக்குப் பின்னால கட்டில்லாத கிணறு ஒண்டு. இரணைமடுத் தண்ணி திறந்து விட்டா வாய்க்காலில பெரிய ஆளே நிக்கேலாது. மழை விட்டால் புடையன் பாம்பு. முகமாலைப் பக்கம் போனா சிவப்புப் பலகையில மண்டையோடு இன்னும் நிக்குது, மிதிவெடி எடுக்கிற வேலை இன்னும் முடியேல்லை. வளவு கொத்தேக்கை துருப்பிடிச்ச இரும்பு வாறது எங்கட பக்கம் புதினமே இல்லை. இவ்வளவுக்கும் பயப்பிடத்தான் வேணும். ஆனா பிட்டுக்கும் பொலிஸ், பல்லு மினுக்கவும் பொலிஸ், கிணத்தடிக்குப் போனாலும் பொலிஸ் எண்டு சொல்லிச் சொல்லி, கிணறும் பிட்டும் பிள்ளைக்கு ஒரே கனமாப் போச்சு.

இதில எனக்கு இன்னொரு சிக்கல். இரும்பைக் குடுத்து விளையாட விட்டதும் நான், இரும்பைத் தொடாத எண்டு சொல்லுறதும் நான். யோசிச்சுப்போட்டு இப்ப ஒரு கதைதான்: தகரப் பெட்டிக்குள்ள இருக்கிறது விளையாட்டுச் சாமான். நிலத்தில கிடக்கிறது எதெண்டாலும் கையை எடுத்துப்போட்டு அப்பாவைக் கூப்பிடு. ஏன் எண்டு கேட்டான். வெடிச்சா கால் போகும் எண்டன். பொலிஸ் இல்லை, பேய் இல்லை. மாங்குளம் றோட்டில ஊன்றுகோலோட வாற மாமாவைத் தெரியும் அவனுக்கு. "அந்த மாமா மாதிரியோ" எண்டான். ஓம் எண்டன்.

நேற்று மட்டும் பதினொரு தரம் கூப்பிட்டவன். சோடா மூடி, ஆணி, குடைக்கம்பி, ஒரு பழைய ரண்டு ரூபாக் குத்தி. பதினொரு தரமும் செயினை விட்டுட்டு எழும்பிப் போனனான். ஒரு வாடிக்கைக்காரர் கோவிச்சுக்கொண்டு போட்டார்.

11.06.2024

சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள் எண்டு கேட்ட தங்கச்சிக்கு. ஒண்டும் செய்யேல்லை. கோப்பையை வைக்கிறது, இருபது நிமிசம் பாக்கிறது, எடுக்கிறது. பசிச்சா பத்து மணிக்குக் கேப்பினம். நாலு நாளா வெருட்டும் இல்லை, போனும் இல்லை, கத்தலும் இல்லை. அருமையான வேலை. எல்லாரும் செய்து பாருங்கோ.

12.06.2024

மேல எழுதினதை வாபஸ் வாங்கிறன். நான் கோப்பையை எடுத்த கையோட மாமி கிணத்தடியில வைச்சுச் சோத்தை உருட்டி உருட்டித் தீத்தியிருக்கிறா. நாலு நாளும். கேட்டா, "பசியெண்டா என்னெண்டு இதுகளுக்குத் தெரியவேண்டாம் தம்பி" எண்டுறா.

நான் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. கோப்பையில குறைய வைக்கிறன், மிச்சம் அவ பாப்பா.

16.06.2024

கொஞ்ச நாளா ஒரு விசயம் மண்டைக்குள்ள குடையுது. பின்வீட்டுக்காரியின்ர பிள்ளை, நாலு வயசிருக்கும், என்ர கொட்டிலைக் கண்டா ஒழுங்கையால சுத்திப் போகுது. தாய் காத்தடிக்க வந்தா, பாவாடைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டு ஒரு கண்ணால பாக்கும். கிறீஸ் பூசின கையைப் பாத்துப் பயமாக்கும் எண்டு நினைச்சன். நேற்று மதிலுக்கு அங்கால கேட்டுது: "இப்ப குடிக்கப் போறியோ, சைக்கிள் கடை மாமாட்டப் பிடிச்சுக் குடுக்கவோ?"

நான்தான் பொலிஸ்.

மனிசி சிரிச்சுச் சிரிச்சு தண்ணி புரைக்கேறிச்சு. ஊரில இன்னும் எத்தினை வீட்டில என்னைச் சொல்லிச் சோறு இறங்குதோ.

18.06.2024

இண்டைக்குத் தாயோட வந்தது. முன்சில்லுக்குக் காத்து. வால்கட்டை மூடியைக் கழட்டி, "பிள்ளை இதைத் துலைக்காமல் வைச்சிருங்கோ, மாமா காத்தடிச்சு முடியத் தாங்கோ" எண்டு நீட்டினன். தாய் தள்ளிவிட்ட பிறகு வந்து வாங்கினது. உள்ளங்கைக்குள்ள வைச்சு அப்பிடி ஒரு பொத்தல். காத்தடிச்சு முடிஞ்சு கேட்டா, கையைத் திறக்கவே இல்லை, அழுகை. சரி கொண்டு போகட்டும் எண்டு விட்டன். வேற மூடி போட்டன்.

19.06.2024

விடிய படலையில "டிங்" எண்டு ஒரு சத்தம். எழும்பிப் போய்ப் பாத்தன். தகரத்தில எறிஞ்சுபோட்டு ஒழுங்கை முடக்கால ஓடுது. மூடி மண்ணுக்குள்ள கிடந்தது. பெடியன் கண்டிட்டு, கையை எடுத்துப்போட்டு என்னைக் கூப்பிட்டான்.